தலைவலிக்குக் குணத்தைக் குறை சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எதிலும் ஒழுங்கு பார்ப்பவர்களுக்கும், சின்ன விஷயத்துக்கும் மனசைப் போட்டு உழப்பிக்கொள்பவர்களுக்கும் தீராத தலைவலி வரும் என்று உங்கள் மருத்துவப் பகுதியில் படித்தேன். உடனே எங்கள் ஆத்தாதான் நினைவுக்கு வந்தார்.

வீட்டில் கல்யாணம் முடிந்தால், பித்தளைச் சாமான்களை ஒவ்வொன்றாகத் துடைத்து, அதில் வெட்டியிருக்கும் எழுத்தைத் தடவிப் பார்த்து, எண்ணி உள்ளே வைத்துப் பூட்டிய பிறகுதான் ஆத்தா சாப்பிட உட்காருவார். மறுநாள் ஒரு பக்கப் பொட்டு விண்விண்ணென்று தெறிக்கும். ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு இருட்டறையில் படுத்துவிடுவார். தாளிக்கிற வாசனை வந்தாலே குமட்டும். பார்க்க வரும் ஆச்சிமார், "எல்லாத்தையும் இழுத்துப் போட்டுக்கிட்டா மண்டை இடிக்காம என்ன செய்யும்?" என்பார்கள். ஒரு மருத்துவரும் கவலையைக் குறைக்கச் சொன்னதோடு சரி. ஆத்தாவும் தப்பு தன் மேல்தான் என்று நம்பி, கடையில் மாத்திரை வாங்கிப் போட்டே இருபது வருஷத்தை ஓட்டிவிட்டார்.

இந்தப் பேச்சு பழையது. ஒற்றைத் தலைவலிக்காரர்கள் கறாரானவர்கள், எதிலும் குறை வைக்க மாட்டார்கள் என்று ஹெரால்ட் வோல்ஃப் என்ற அமெரிக்க மருத்துவர் 1937-லேயே எழுதினார். அப்படி ஒரு தனிக் குணவார்ப்பு இருப்பதாகப் பின்னால் வந்த ஆய்வுகள் உறுதி செய்யவில்லை. சுலபத்தில் கவலைப்படும் சுபாவம் இவர்களிடம் கொஞ்சம் கூடுதலாகத் தெரிகிறது, அது உண்மை. ஆனால் எது முந்தி? மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதம் தாண்டியும் வலித்தால்தான் அதை நாள்பட்டது என்கிறார்கள். பாதி மாதம் வலியில் போகிறவர் கவலைப்படாமல் எப்படி இருப்பார்? "நாளைக்கு எந்திரிக்க முடியுமோ என்னமோ, இன்னைக்கே முடிச்சிருவோம்" என்று சொல்லித்தான் ஆத்தா அந்தச் சாமான்களை எண்ணுவார். அதைத்தான் நாங்கள் பிடிவாதம் என்றோம்.

கடைசியில் மதுரையில் பார்த்த நரம்பியல் மருத்துவர் குணத்தைக் கேட்கவில்லை, மாதம் எத்தனை மாத்திரை என்று கேட்டார். சாதாரண வலி மாத்திரையை மாதம் 15 நாள், ஒன்றுக்கு மேற்பட்ட மருந்து கலந்த கூட்டு மாத்திரை என்றால் 10 நாள் என்று மாதக்கணக்கில் போட்டு வந்தால், அதுவே தலைவலியைக் கிளப்புமாம். வலிக்கிற நாளுக்கெல்லாம் காலண்டரில் புள்ளி வைக்கச் சொன்னார். மாத்திரையைக் குறைத்து, வலி வராமல் தடுக்கும் மருந்து கொடுத்தார். முதல் சில வாரம் பட்ட பாடு சொல்லி மாளாது. அப்புறம் புள்ளிகள் குறைந்தன. சாமான் எண்ணுவது மட்டும் குறையவில்லை.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது இந்த மாத்திரைக் கணக்கையும் சேர்த்து எழுதுங்கள். இங்கே பல வீட்டு அஞ்சறைப் பெட்டியில் அந்த அட்டைகள் கிடக்கின்றன.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தேவகோட்டை