பாப்பாவுக்கு அம்மா எழுதுறது

ஹூஸ்டன்
மார்ச் 6, 2010

அன்புள்ள பாப்பா,

நல்லா இருக்கியா. க்ளீவ்லாண்ட்ல இன்னும் ஸ்னோ விடலன்னு டிவில காட்டுறாங்க, வெளிய போறப்ப கழுத்த நல்லா மூடிக்கோ. மாத்திரைய வெறும் வயித்துலதான் போடணும், காபிக்கு முன்னாடி, தெரியும்ல. இங்க எல்லாரும் சௌக்கியம். பெரியம்மாவுக்கு முட்டி வலி தேவலை. மத்த விஷயம் நெறைய எழுதணும்னுதான் உக்காந்தேன், ஆனா மனசு பூரா ஒபாமாவோட இந்த ஹெல்த் இன்சூரன்ஸ் பில்லுதான் ஓடுது.

தேங்க்ஸ்கிவிங்ல நீயும் அப்பாவும் போட்ட சண்டைக்கு அப்புறம் நீ வீட்டு நம்பருக்கு கூப்பிடறதே இல்ல. எனக்கு மட்டும் ஃபைன்னு ஒரு மெசேஜ் வருது. சரி, அப்பா பேசினது அதிகம்தான். ஆனா ஒண்ணு கவனிச்சியா, ரெண்டு பேரும் அவ்ளோ கத்தினீங்களே, கடைசில ரெண்டு பேருக்கும் வேண்டியது ஒண்ணுதான், இந்த பில் தோக்கணும். போன வாரம் ஒபாமா ரெண்டு கட்சிக்காரங்களயும் ப்ளேர் ஹவுஸ்ல கூப்பிட்டு வச்சு ஏழு மணி நேரம் பேசினாங்கல்ல, ரிபப்ளிக்கன் செனட்டர் லமார் அலெக்சாண்டர் எடுத்த எடுப்புலயே இந்த பில்ல தூக்கி ஓரமா வச்சிட்டு முதல்லேந்து ஆரம்பிக்கலாம்னாரு, அப்பா சோபால உக்காந்து தலைய ஆட்டுறாரு. உங்க ஊரு காங்கிரஸ்மேன் குசினிச் இது போதாது, கவர்ன்மெண்டே எல்லாருக்கும் இன்சூரன்ஸ் குடுக்கற சிங்கிள் பேயர்தான் வேணும், அதனால நோன்னுதான் போடுவேங்குறாரு, நீ அவரு பக்கம். எதிரும் புதிருமா நின்னுக்கிட்டு ஒரே கயித்த ஒரே பக்கமா இழுக்குறீங்க. நடுவுல இது பாஸாகணும்னு வேண்டிக்கிட்டு இருக்கறது நம்ம வீட்டுல நான் ஒருத்திதான்.

உன் கோவம் எனக்குப் புரியாம இல்ல. தனியார் கம்பெனிங்களோட கவர்ன்மெண்டும் ஒரு இன்சூரன்ஸ் விக்கட்டும்னு சொன்ன பப்ளிக் ஆப்ஷன் போச்சு. அதுக்கு பதிலா, 65 வயசுக்கு மேல கவர்ன்மெண்ட் குடுக்கற மெடிகேர் இன்சூரன்ஸ்ல 55 வயசுலேந்தே காசு கட்டி சேரலாம்னு டிசம்பர்ல ஒண்ணு கொண்டு வந்தாங்க, செனட்டர் லீபர்மேன் ஒருத்தர் முடியாதுன்னதும் அதுவும் போச்சு. அது மட்டும் இருந்திருந்தா நம்ம அப்பாவே சேந்திருப்பாரு, நானும் இந்த இன்சூரன்சுக்காகவே நைட் ஷிப்ட கட்டி அழ வேண்டியிருக்காது. போன வருஷம் சம்மர் பூரா செனட்டர் பாக்கஸோட கமிட்டில ரிபப்ளிக்கன் ஆளுங்க மூணு பேர கூட வச்சுக்கிட்டு பேசிப் பேசி பாத்தாங்க, என்ன ஆச்சு, கமிட்டில ஆதரிச்சு ஓட்டுப் போட்ட அவங்க கட்சி ஒலிம்பியா ஸ்னோவும் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் செனட்ல எதிர்த்துத்தான் போட்டாங்க. 60க்கு 39. அந்தப் பக்கத்துலேந்து ஒரு ஓட்டு கூட இல்ல. அவங்களுக்காக இவ்ளோ விட்டுக் கொடுத்துட்டு இன்னும் ஏன் விட்டுக் கொடுக்கணும்னு நீ கேட்டது நியாயமான கேள்வி. அப்பாகிட்டயும் நான் இதத்தான் கேட்டேன், ஆளுங்களக் கூப்பிடலன்னு சொல்லாதீங்க, கூப்பிட்டாங்க, வரலன்னு. அவரு வால்யூம ஏத்திட்டாரு.

ஆனா பாப்பா, இப்ப விட்டுக் கொடுக்க வேண்டியது அவங்களுக்கு இல்லடி, உங்க டெமாக்ரட் ஆளுங்களுக்குள்ளயே. ஜனவரில மாசசூசெட்ஸ்ல ரிபப்ளிக்கன் ஸ்காட் பிரவுன் ஜெயிச்சதோட செனட்ல 60 போய் 59 ஆயிடுச்சு, எதிர்க்கட்சி இழுத்தடிக்காம தடுக்க 60 வேணும், அதுவும் டெட் கென்னடி உக்காந்த சீட்டு. இனிமே செனட் பாஸ் பண்ணத இன்னொரு சபையான ஹவுஸ் அப்படியே எடுத்துக்கிட்டு சில்லறை விஷயத்த ரிகன்சிலியேஷன்ங்கற பட்ஜெட் வழில செனட்ல 51 ஓட்டுல சரி பண்ணிக்கணும், இல்லன்னா ஒண்ணுமே கிடையாது. ஹவுஸ்ல 216 வேணும். நவம்பர்ல ஹவுஸோட சொந்த பில்லுக்கே 220தான் வந்துச்சு. குசினிச் மாதிரி இன்னும் அஞ்சாறு பேரு பிடிவாதமா நின்னாலே முடிஞ்சுது.

கென்னடி கதைதான் உனக்கு என்னை விட நல்லா தெரியுமே. நிக்சன் காலத்துல கம்பெனிங்க எல்லாம் வேலைக்காரங்களுக்கு இன்சூரன்ஸ் குடுத்தே ஆகணும்னு ஒரு திட்டம் வந்துச்சு, அடுத்த எலெக்ஷன்ல நம்ம ஆளுங்க நெறைய வருவாங்க, இத விட பெருசா வாங்கிக்கலாம்னு யூனியன்காரங்க சொல்ல, அது அப்படியே போச்சு. அத விட்டது தப்புன்னு கென்னடியே பின்னாடி வருத்தப்பட்டாரு. அப்புறம் கிளின்டன் ஒரு திட்டம் கொண்டு வந்து, அதுவும் 94ல ஊத்திக்கிச்சு, நீ அப்ப செகண்ட் கிரேடு. இன்னொரு பதினஞ்சு வருஷம்னா உனக்கு என்ன வயசு ஆகும்னு யோசி.

என் வார்டுல வந்து பாரு. டெக்சஸ்ல நாலுல ஒருத்தருக்கு இன்சூரன்ஸ் இல்ல, நாட்டுலயே நாமதான் முதல். ஊனமும் இல்லாம வயசும் ஆகாம பிள்ள குட்டியும் இல்லாத ஆளு எவ்ளோ ஏழையா இருந்தாலும், ஏழைங்களுக்கு கவர்ன்மெண்ட் குடுக்கற மெடிகெய்ட் இங்க பொதுவா கிடையாது. எமர்ஜென்சிக்கு வந்தா பாத்துத்தான் ஆகணும், சட்டம் இருக்கு, ஆனா அது உசுரு நிக்கிற வரைக்கும்தான், அதுக்கப்புறம் மருந்துச் சீட்டக் குடுத்து அனுப்பிடறோம், மருந்த வாங்க மாட்டான்னு தெரிஞ்சே அனுப்புறோம். பத்து பதினஞ்சு நாள்ல அதே ஆளு இன்னும் மோசமாகி வர்றான். இந்த பில்லு வந்தா இன்சூரன்ஸ் கிடைக்கப் போற மூணு கோடி பேருக்கு இது போதாத பில்லு இல்லடி.

உனக்கும்தான். படிப்பு முடிஞ்ச உடனே என் ப்ளான்லேந்து உன் பேர எடுத்துட்டாங்க. நீ வாங்கப் போன கம்பெனிக்காரன் கழுத்துல இருக்கறத விட்டுட்டு மிச்ச உடம்புக்கு வேணா தர்றேன்னு எழுதிக் குடுத்தான், அந்த பேப்பர் இன்னும் என் ஹேண்ட்பேக்லதான் இருக்கு. செனட் பில்லுல 26 வயசு வரைக்கும் பிள்ளைங்கள பெத்தவங்க ப்ளான்ல வச்சுக்கலாம்னு இருக்கு. இருக்கற வியாதியச் சொல்லி யாரையும் தள்ளக் கூடாதுங்கறது உன் வயசுக்காரங்களுக்கு 2014லதான் வருது, ஆனா இது அதுக்கு முன்னாடியே வந்துடும். நீ எதுத்து நிக்கிறது உனக்கே கிடைக்க வேண்டியத. சுயநலம்னு சொல்லுவ. பெத்தவளுக்கு அது இருக்கக் கூடாதா.

நீ அந்த ஸ்னோல வீடு வீடா போய் கதவத் தட்டுறன்னு ஆஸ்பத்திரில எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன், பெருமையாத்தான் இருக்கு. மாஸ்டர்ஸ் சீட்ட விட்டுட்டு சம்பளமே சரியா இல்லாத வேலைக்குப் போனது எனக்கு இன்னும் ஆறல, அதையும் சொல்லிடுறேன். ஆனா அடுத்தவங்க வைத்தியத்துக்காக இவ்ளோ அலையுற பொண்ணு தன் ஸ்கேன எடுத்துக்காம இருக்கலாமா. மாத்திர நாலு டாலருக்கு கிடைக்கும், ஸ்கேன் அப்படி இல்லன்னு எனக்குத் தெரியும். போன நவம்பர்லயே எடுத்திருக்கணும். எடுத்தியா இல்லையான்னு நான் கேக்கல. இதோட ஒரு செக் வச்சிருக்கேன். அது ஸ்கேனுக்கும் ரத்த டெஸ்டுக்கும் மட்டும்தான், நோட்டீஸ் அடிக்கிறதுக்கு இல்ல.

குசினிச் ஆபீஸ்ல உனக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்கன்னு சொன்னல்ல. சிங்கிள் பேயர விட வேண்டாம், அதுக்கு அடுத்த வருஷமும் போராடட்டும், இந்தத் தடவ மட்டும் யெஸ் போடட்டும்னு சொல்லிப் பாரு.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அப்பா கடைல இருப்பாரு, நான் மட்டும்தான் வீட்டுல. வீட்டு நம்பருக்கே கூப்பிடு. அவரு இருக்கறப்ப கூப்பிட்டாலும் சரிதான், ஃபோன் அடிச்சா முதல்ல ஓடிப் போய் எடுக்கறது அவருதான்.

அம்மா