என்னைத் தாங்கியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

என் மகளுக்கு ஒரு வயது நிரம்பிவிட்டது. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் அவளை வாழ்த்தினார்கள். அவளோடு சேர்த்து என்னையும் சுமந்தவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டியவள் நான்.

முதலில் எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தருக்கு. பிள்ளையின் நிறையைக் குறித்துக்கொண்டு நீங்கள் போயிருக்கலாம். பிள்ளை பெற்றவர்களின் மனச்சோர்வைக் கண்டறிய உதவும் எடின்பரோ வினாத்தாளை எடுத்து, கடந்த ஏழு நாட்களாக மனம் எப்படி இருந்தது என்று பத்துக் கேள்விகளையும் நிதானமாகக் கேட்டீர்கள். என்னை நானே காயப்படுத்தும் எண்ணம் வந்ததா என்ற கடைசிக் கேள்விக்கு எனக்கு வாய் வரவில்லை. பேனாவை மூடிவிட்டுத் தேநீர் கேட்டு உட்கார்ந்தீர்கள். அன்றே வைத்தியசாலைக்கும் கூட்டிப்போனீர்கள். பிள்ளை பெற்றவர்களில் நூற்றுக்குச் சுமார் 13 பேருக்கு மனநலப் பாதிப்பு, பெரும்பாலும் மனச்சோர்வு, வருகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதை உங்களிடம்தான் அறிந்தேன். அதுவரை என் காதில் விழுந்தது, ‘துடக்குக் கழிந்தால் சரியாகிவிடும்’, ‘சாமி நம்பிக்கை குறைந்துவிட்டது’ என்பவைதான். சொன்னவர்கள் யார் என்பது இங்கே வேண்டாம்.

கோணேசர் கோயிலில் தேவாரம் பாடும் அக்காமாரே, சம்பந்தர் கோணமாமலைப் பதிகத்தில் ‘தாயினும் நல்ல தலைவர்’ என்று பாடிய இடம் வந்ததும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. எனக்கும் ஒரு தாய் தேவைப்பட்ட நேரம் அது. நீங்கள் பாட்டை நிறுத்தவில்லை, காரணமும் கேட்கவில்லை. என் மடியிலிருந்த பிள்ளையை மட்டும் வாங்கிக்கொண்டீர்கள். “முதலில் மாத்திரையைப் போடு, பிறகு விளக்கை ஏற்று” என்று பிறகு சொன்னீர்கள். பிரசங்கங்களில் இதையும் கொஞ்சம் சொன்னால் நல்லது.

பக்கத்து வீட்டு ராத்தா, நோன்பு திறக்கும் அவசரத்திலும் உங்கள் கஞ்சிக் கோப்பை எங்கள் மதிலுக்கு மேலால் வந்துவிடும். தொழுதுவிட்டு வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு, “போய்ப் படு” என்பீர்கள். அந்த ஒரு மணி நேரத் தூக்கத்துக்கு ஈடாக நான் எதைத் தருவேன்?

பிள்ளை பெற்றவளுக்கென்று சரக்குக்கறி காய்ச்சித் தந்த மாமிக்கும் நன்றி. என் கணவருக்கு இங்கே நன்றி இல்லை. அவர் பார்த்துக்கொண்டது தன் பிள்ளையைத்தானே.

இதைப் படிக்கும் தாய்மாரே, தேசிய மனநல உதவி இலக்கம் 1926, இரவிலும் அழைக்கலாம். வெள்ளி மாலையில் கோயிலுக்குப் பிள்ளையோடு வாருங்கள். தூக்கி வைத்திருக்க நானும் இருப்பேன்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
உவர்மலை, திருகோணமலை.