ஒகேனக்கல்லுக்குக் கணக்கு இருக்கிறது, வாணியாற்றுக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஒகேனக்கல்லில் வினாடிக்கு எத்தனை கன அடி வருகிறது, கிருஷ்ணகிரி அணையின் 52 அடியில் இன்றைக்கு எத்தனை அடி என்று மழைக்காலத்தில் தினமும் போடுகிறீர்கள். டீக்கடையில் பேப்பரைப் பிரித்தால் நாங்கள் முதலில் தேடுவது அதைத்தான். காவிரி பெரிய ஆறு, கர்நாடக எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையமே அளக்கிறது, இரண்டு மாநில வழக்கே அந்த எண்ணில் நிற்கிறது, சரி. எங்கள் வயலை ஒட்டி ஓடும் வாணியாற்றில் இன்று எவ்வளவு போகிறது என்று கேட்டால் "நேத்தைவிடக் கொஞ்சம் ஜாஸ்தி" என்பதுதான் பதில்.

ஏற்காடு மலையில் பெய்தால்தான் எங்களுக்கு ஆறு. மலையடிவாரத்து வாணியாறு அணையின் மட்டம் செய்தியில் வந்துவிடுகிறது. அணைக்குக் கீழே வந்து சேரும் ஓடைகள் யார் கணக்கில்? 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை ஊத்தங்கரையில் வண்டிகளை உருட்டிக்கொண்டு போனதே, அந்த ராத்திரி நான் டார்ச்சோடு ஆற்றங்கரையில் நின்று, தண்ணீர் ஏறுகிறதா இறங்குகிறதா என்று ஒரு புளியமரத்து வேரை வைத்துத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வேர் மறைந்ததும் மாட்டை அவிழ்த்துக்கொண்டு மேட்டுக்குப் போய்விட்டேன்.

அதற்கப்புறம் கரையிலிருக்கும் கருங்கல் சுவரில் அடிக்கு ஒரு கோடு போட்டு, காலையும் மாலையும் நோட்டில் எழுதி வருகிறேன். எழுத எழுதத்தான் ஒன்று புரிந்தது: மட்டம் வேறு, ஓட்டம் வேறு. தரைப்பாலத்துக் குழாய்களில் மட்டையும் செடியும் அடைத்துக்கொண்டால் மேல்பக்கம் தண்ணீர் ஒரு அடி ஏறிவிடும், ஆனால் ஆற்றில் ஒரு சொட்டுகூட அதிகம் வந்திருக்காது. வெள்ளம் மணலை வாரிக்கொண்டு போனாலும் அப்படித்தான், போன வருஷம் இரண்டு அடி காட்டிய தண்ணீர் இந்த வருஷம் ஒன்றரை அடியில் அடங்கிவிடும். அதனால் கோட்டைப் பார்த்தால் மட்டும் போதாது, நடுநடுவே ஓட்டத்தையும் அளந்து சரிபார்க்க வேண்டும்.

அதற்கொன்றும் பெரிய கருவி வேண்டாம். ஆறு நேராகப் போகும் இடத்தில் 30 அடி தூரம் குறித்துக்கொண்டு, ஒரு தேங்காயை மிதக்க விட்டேன், 20 வினாடியில் கடந்தது. அப்படியென்றால் வினாடிக்கு ஒன்றரை அடி. அகலம் 20 அடி, குச்சி விட்டுப் பார்த்த சராசரி ஆழம் ஒரு அடி, மூன்றையும் பெருக்கினால் 30 கன அடி. மேல்தண்ணீர் ஓடும் வேகத்தில் அடித்தண்ணீர் ஓடாது, அதனால் 0.85 ஆல் பெருக்கினால் சுமார் 25 கன அடி, அதாவது வினாடிக்கு 700 லிட்டருக்கு மேல். துல்லியம் என்று சொல்லமாட்டேன், காற்றடித்தாலே தேங்காய் ஒதுங்கிவிடும். வெள்ளத்தில் இறங்கி இப்படி அளக்க யாரும் முயலவேண்டாம். தண்ணீர் குறைவாக இருக்கும்போதே நாலைந்து மட்டத்துக்கு அளந்து வைத்துக்கொண்டால், அந்த மட்டங்களுக்குள் கோட்டைப் பார்த்தே ஓட்டத்தைக் கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம்.

நான் கேட்பது இதுதான். பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் பக்கம் இரண்டு மூன்று பாலத் தூண்களில் அடி அளவு எழுதட்டும். தினமும் பார்த்து எழுத ஊருக்கு ஒரு ஆள் போதும். ஆயிரக்கணக்கில் செலவழித்து சென்சார் வைத்து, மறு வருஷம் பேட்டரி போய்க் கிடப்பதைவிட இது மேல் என்பது என் எண்ணம். மேல்ஊரில் மட்டம் ஏறினால் ஒரு போன் போட்டால் கீழ்ஊர்க்காரன் மோட்டாரைக் கழற்றிவிடுவான். மரவள்ளி போட்டவனுக்கும் மஞ்சள் போட்டவனுக்கும் கோடையில் ஆற்றில் எத்தனை நாளைக்குத் தண்ணீர் தாங்கும் என்றும் தெரியும். நீங்களும் அந்த எண்ணை ஒகேனக்கல்லுக்குக் கீழே ஒரு வரியில் போடலாம்.

ஐப்பசி மழைக்கு முன்னால் செய்தால் நல்லது. பெயிண்ட் நான் வாங்கித் தருகிறேன், நோட்டையும் கொண்டுவந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
வாணியாற்றங்கரை விவசாயி,
அரூர் பக்கம், தருமபுரி மாவட்டம்.