வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

அனைவருக்கும் வணக்கம். செயற்குழு ஐந்து முறை கூடியது. பொங்கல் ஒன்றுகூடல் நடந்தது. புத்தகப் பரிமாற்றமும் நடந்தது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

செப்டம்பரில் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் எழுத்தாளர் அ. ரெங்கசாமியின் வாழ்வையும் எழுத்தையும் பற்றி வைத்த கருத்தரங்கு என் யோசனைதான், மறைக்கவில்லை. 'பிரபலமானவரா பாத்து வைக்கலாமே' என்று செயற்குழுவிலேயே ஒருவர் சொன்னார். 1930இல் பிறந்தவர், தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்தவர், நாவலாசிரியராகி, மலாயாவில் ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் நம் ஆட்கள் பட்ட பாட்டை எழுதி வைத்தவர், 2014இல் வல்லினம் இலக்கிய இதழின் விருது பெற்றவர். அவரைத் தெரியாது என்றால் குறை யாரிடம்? 'நினைவுச் சின்னம்' சயாம் மரண ரயில் பற்றிய நாவல். போர்க்காலத்தில் ஜப்பான்காரன் கைதிகளையும் நம் ஆட்களையும் வைத்துச் சயாமிலிருந்து, அதாவது இன்றைய தாய்லாந்திலிருந்து, பர்மாவுக்குப் போட்ட 415 கிலோமீட்டர் தண்டவாளம். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் வெள்ளைக்காரக் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன, நம் ரப்பர் தோட்டங்களிலிருந்து போய் மாண்டவர்களில் பெரும்பாலோருக்கு அதுவும் இல்லை.

போட்டது 60 நாற்காலி, வந்தது 19 பேர். வாட்சப்பில் 'கட்டாயம் வர்றேன் சார்' என்று கும்பிடு போட்டவர்களை மட்டும் எண்ணினாலே நாற்பது தாண்டும். மிஞ்சிய வடையை நானும் பொருளாளரும் பொட்டலம் கட்டினோம்.

ஆனால் உறுப்பினரே இல்லாத ஒரு பாட்டி, பேரனைத் தேடி உள்ளே வந்தவர், கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டார். முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, 'எங்கப்பாவும் சயாமுக்குப் போனவர்தான் தம்பி, செத்ததா தகவலே வரல, அம்மா கடைசிவரைக்கும் தாலியக் கழட்டல' என்றார். வராதவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வரவு செலவு ஏறக்குறைய சரிக்குச் சரி, விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. மண்டப வாடகையில் துண்டு விழுந்ததை நான் போட்டேன்; திருப்பிக் கேட்கவில்லை, சும்மா சொல்கிறேன். ஆண்டுச் சந்தா 24 வெள்ளி (ரிங்கிட்), மாதம் 2 வெள்ளி, ஒரு தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) காசுகூட இல்லை. 31 பேர் பாக்கி. சிலருக்கு இது மூன்றாவது வருடம்.

மண்டபம் தந்தவர்களுக்கும், ஒலிபெருக்கி கொண்டுவந்த தம்பிக்கும், செயற்குழுவினருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு, சயாம் கதை தெரிந்த பெரியவர்களை வீட்டுக்கே போய்ப் பேசவைத்துப் பதிவு செய்ய ஆசை. அந்தப் பாட்டி ரவாங்கில் இருக்கிறார், என் கார் ஒர்க் ஷாப்பில் இருக்கிறது. அப்புறம், செயலாளர் பதவிக்கு யாராவது முன்வந்தால் சந்தோஷமாக விட்டுக்கொடுப்பேன். போன வருடமும் இதையே சொன்னேன், எல்லோரும் கைதட்டினீர்கள்.

பொருளாளர் வாசல் பக்கம்தான் உட்கார்ந்திருக்கிறார். சில்லறை வைத்திருக்கிறார்.

செயலாளர்