சிப்பிப்பாறையும் ஒபீடியன்ஸ் ரிங்கும்

பாளையங்கோட்டை
ஆனி மாதம்

அன்புள்ள மாப்ள,

கடிதம் கிடைத்தது. தென்காசிப் பக்கம் சாரல் விழ ஆரம்பித்துவிட்டதாம். இங்கே வெறும் காற்றுதான். சங்கரன்கோவிலில் அதுவும் இல்லை என்று நீ எழுதியிருந்ததைப் படித்துச் சிரித்தேன்.

குட்டி விஷயத்துக்கு வருகிறேன். உன் சிப்பிப்பாறைக் குட்டியை ஒபீடியன்ஸ் போட்டிக்கு, அதாவது நாய் சொன்னபடி செய்கிறதா என்று பார்த்து மார்க் போடும் போட்டிக்கு, எப்படிப் பழக்குவது என்று கேட்டிருந்தாய். "வேட்டை நாய் சொல்பேச்சு கேட்காது, ஒரு லாப்ரடார் வாங்கு" என்று ஊரில் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாதே. 1933ல் அமெரிக்காவில் ஹெலன் வைட்ஹவுஸ் வாக்கர் என்ற அம்மா முதல் ஒபீடியன்ஸ் போட்டியை நடத்தினதே, பூடில் என்ற சுருள்முடி நாய் வெறும் அலங்கார பொம்மை என்று பேசினவர்களுக்குப் பதில் சொல்லத்தான். சிப்பிப்பாறையாலும் முடியும். ஆனால் லாப்ரடாருக்குச் சொன்ன முறையை அப்படியே அதன் தலையில் கட்டினால் முடியாது.

முதலில் மார்க் எங்கே இருக்கிறது என்று பார். அமெரிக்கன் கென்னல் கிளப்பின் ஆரம்ப வகுப்பில் மொத்தம் 200. தேற 170 வேண்டும், ஒவ்வொரு பயிற்சியிலும் பாதிக்கு மேலும் வாங்கியிருக்க வேண்டும். அந்த 200ல் ஹீல் நடைக்கு, அதாவது நாய் உன் இடப்பக்கம் ஒட்டி நடப்பதற்கு, கழுத்து வாரோடு 40, வார் இல்லாமல் 40. ஐந்தில் இரண்டு பங்கு நடைக்கே போகிறது. ஆனால் புதிதாக வருகிற எல்லாரும் சொன்ன இடத்தில் அசையாமல் இருக்கும் 'ஸ்டே'யையே மாதக்கணக்கில் போட்டுத் தேய்ப்பார்கள். நீ ஹீலில் தொடங்கு.

அதற்கு முதல் சாமான் வார் இல்லை, மனைப்பலகை. வீட்டில் பழையது கிடக்கும். நாலு அங்குல உயரம் போதும். அடியில் சாக்குத் துண்டு ஒட்டிவிடு, வழுக்கக் கூடாது. முன்னங்கால் இரண்டும் பலகை மேல் ஏறியதும் தின்பண்டம் கொடு. பிறகு நீ ஓர் அடி பக்கவாட்டில் நகர். உன் முகத்தைப் பார்க்க அது பின்னங்காலை நகர்த்தும். அந்த நொடியில் "ஆ" என்று சொல்லிவிட்டுக் கொடு. நாய்க்குத் தன் பின்பாதி தன்னோடு வருகிறது என்பதே தெரியாது. தெரியாமல் ஹீல் நடந்தால் நீ இடப்பக்கம் திரும்பும்போதெல்லாம் முழங்காலில் வந்து முட்டும், நின்றால் கோணலாக உட்காரும். பலகையில் முழு வட்டமும் இரண்டு பக்கமும் சுற்ற வந்த பிறகுதான் தரைக்கு இறக்க வேண்டும். ஒரு தடவைக்கு நாலைந்து நிமிஷம், நாளைக்கு மூன்று தடவை. அதற்கு மேல் போனால் இந்தச் சாதி நாய் கொட்டாவி விட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும்.

தரையில் ஓர் அடி நட, கொடு. பிறகு மூன்று, ஒன்று, ஐந்து, இரண்டு என்று மாற்றி மாற்றி. கூட்டிக்கொண்டே போனால் "இனி கஷ்டம்தான்" என்று அதற்குப் புரிந்துவிடும். கொடுக்கிற கை இடக்கையாக இருக்க வேண்டும். கொடுக்கிற இடம் உன் இடப்பக்கக் கால்சட்டைத் தையல், அதன் வாய் உயரத்தில். வலக்கையால் குறுக்கே நீட்டிக் கொடுத்தால் தலை உன் முழங்காலுக்கு முன்னால் வளையும், பின்பாதி வெளியே போகும். இந்த ஒரு கைத்தப்பைத் திருத்தப் பல மாதம் ஆகும். அதேபோல் குனிந்து குனிந்து நாயைப் பார்க்காதே. பார்க்கும்போது உன் இடது தோள் பின்னால் சாய்கிறது. அதைத் "தள்ளி வா" என்று படித்துக்கொண்டு அது பின்தங்கும். நாயோடு புறப்படும்போது இடது கால், அதை நிறுத்திவிட்டுப் போகும்போது வலது கால். வாயைவிட உன் காலைத்தான் அது முதலில் கேட்கும்.

ஹீல் நடையில் எட்டும் போட வேண்டும். அதற்கு எட்டடி இடைவெளியில் இரண்டு பிளாஸ்டிக் குடம் வை. வலச்சுற்றில் நாய் வெளிப்பக்கம், வேகம் கூட்ட வேண்டும். இடச்சுற்றில் உள்பக்கம், நிதானிக்க வேண்டும். வேகத்தை மாற்ற வேண்டியது அது, நீ இல்லை. நாய்க்காக நீ மெதுவாகப் போனால் ஜட்ஜ் கழிப்பார். வார் ஆறடி, தொங்கலாகவே இருக்கட்டும். இறுகினாலும் மார்க் போகும்.

கட்டளைச் சொல்லைப் பற்றி ஒன்று. "வா", "உக்காரு" இரண்டையும் விட்டுவிடு. உன் வீட்டில் விடிந்ததிலிருந்து யாராவது "ஏலே வாலே" என்று கத்திக்கொண்டுதானே இருக்கிறார்கள்! வந்த விருந்தாளியையும் "உக்காருங்க" என்கிறீர்கள். காது புளித்துப்போன சொல்லுக்கு நாய் ஏன் திரும்ப வேண்டும்? வேறு யாரும் வாயில் எடுக்காத சொல்லாக இருக்கட்டும், இங்கிலீஷானாலும் சரி. ஒரு தடவைதான் சொல்ல வேண்டும். ரிங்கில், அதாவது போட்டிக் களத்தில், இரண்டாம் தடவை சொன்னால் அந்தப் பயிற்சியே போய்விடலாம். கூப்பிட்டு வந்தபின் கட்டிப்போடுவது, குளிப்பாட்டுவது, திட்டுவது எதுவும் வேண்டாம். நம்மூர் அல்வா கொடுக்கிற வேலையை நாயிடம் காட்டாதே, அடுத்த தடவை வராது. (நிஜ அல்வாவும் கொடுக்காதே. அவ்வளவு நெய் அதன் கணையத்துக்கு ஆகாது.) அவித்த கோழி ஈரல், பாதிக் கொண்டைக்கடலை அளவு. கருவாட்டில் உப்பு அதிகம். வெங்காயம், திராட்சை கிட்டவே வேண்டாம்.

உட்காருவதில் உன் குட்டிக்குத் தனிச் சிரமம் உண்டு. ஒட்டின வயிறு, நீண்ட தொடை. சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தால் எலும்பு உறுத்தும், எழுந்துவிடும். அதைப் பிடிவாதம் என்று நினைத்து அமுக்காதே. மடித்த சாக்கிலோ புல்லிலோ பழக்கு. ஸ்டேயில் நேரம், தூரம், தொந்தரவு மூன்றில் ஒன்றைத்தான் ஒரு சமயத்தில் கூட்டலாம். தூரம் போனால் நேரத்தைக் குறை. பத்துத் தடவையில் ஏழெட்டு தடவை நீயே திரும்பிப் போய்க் கொடு. எப்போதும் கூப்பிட்டே முடித்தால் கூப்பிடும் முன்னாலேயே எழுந்து வரும்.

ஜட்ஜ் வந்து தலை, முதுகு, இடுப்பைத் தொடும்போது அசையாமல் நிற்பதும் ஒரு பயிற்சி. நாட்டு நாய்க்கு இதுதான் மலை. முதல் வாரம் உன் கூட்டாளி ஒருவர் ஆறடி தள்ளிச் சும்மா கடந்து போகட்டும். பிறகு மூன்றடி. பிறகு புறங்கையை நீட்டட்டும். தொடுவது எல்லாவற்றுக்கும் கடைசி, அதுவும் ஒரு விநாடி. பின்வாங்கினால் முந்தின படிக்கே போ.

இது கண்ணால் துரத்துகிற நாய் என்பதை மறக்காதே. முயலோ ஆட்டுக்குட்டியோ ஓடினால் பெயர் கேட்காது, அதைக் குற்றம் சொல்லவும் முடியாது. ஒரு வயது வரைக்குமாவது திறந்த வெளியில் பத்து மீட்டர் நூல்கயிறு இல்லாமல் விடாதே. நைலான் கயிறு இழுபட்டால் உள்ளங்கையை அறுத்துவிடும். கயிற்றைக் கழுத்துப் பட்டையில் மாட்டாதே, மார்ப்பட்டையில் மாட்டு. முழு வேகத்தில் போய்ச் சுண்டினால் கழுத்துக்குக் கெடுதல்.

மொட்டை மாடியில் அருமையாகச் செய்வது மைதானத்தில் ஒன்றும் தெரியாததுபோல் நிற்கும். இடம் மாறினால் அதற்குப் பாடமும் புதுசு. ஷோவில் மைக் அலறும். அதற்கு நம்மூர்க் கோவில் கொடையைவிட நல்ல பள்ளிக்கூடம் உண்டா? ரேடியோ செட் குழாயிலிருந்து 200 மீட்டர் தள்ளி நின்று எளிய பாடம் மட்டும் செய். காது பின்னால் மடிந்தால், தின்பண்டத்தை வாங்க மறுத்தால், இன்னும் தள்ளிப் போ. நையாண்டி மேளத்துக்குப் பக்கத்தில் இழுத்துப்போவது பழக்குவது ஆகாது, மிரட்டுவதாகும்.

பயிற்சி காலை ஏழுக்குள், இல்லையென்றால் இருட்டினபிறகு. புறங்கையைத் தரையில் ஏழு விநாடி வைக்க முடியவில்லை என்றால் அதன் பாதத்துக்கும் முடியாது. முடிந்ததும் நெருஞ்சிக்கும் கருவேல முள்ளுக்கும் விரலிடுக்கைப் பார், காதுக்குள் உண்ணியைப் பார். தடுப்பூசி ஏதாவது பாக்கி இருந்தால் நீ இங்கே வருகிற வழியில்தான் ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

ரிங்குக்குள் தின்பண்டம் கொண்டுபோக முடியாது. பல நாய்கள் முதல் போட்டியில் கவிழ்வது இதனால்தான். பையில் ஈரல் இல்லை என்று தெரிந்ததும் நடை தளரும். அதனால் பயிற்சியின் இரண்டாம் மாதத்திலிருந்தே ஈரல் டப்பாவைத் திண்ணையில் வைத்துவிட்டு வெறுங்கையோடு இரண்டு நிமிஷம் வேலை வாங்கு. முடிந்ததும் இருவரும் ஓடிப்போய் டப்பாவைத் திறங்கள். திண்ணைக்கும் அதற்கும் உள்ள தூரத்தை மெல்லக் கூட்டு.

போட்டிக்கு அவசரப்படாதே. நம் நாட்டில் ஷோக்கள் கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் விதிப்படி நடக்கும், அலுவலகம் சென்னையில். எல்லா ஷோவிலும் ஒபீடியன்ஸ் வைக்க மாட்டார்கள். வயது, பதிவு, எந்தெந்தப் பயிற்சி என்பதற்கெல்லாம் அந்த ஷோவின் அட்டவணையைக் கேட்டு வாங்கிப் படித்த பிறகு பணம் கட்டு. முதல் ஷோவுக்கு நாயை விட்டுவிட்டு நீ மட்டும் போ. ரிங் ஓரத்தில் நின்று நாயைப் பார்க்காதே, அதனோடு நடக்கிறவர்களின் தோளையும் காலையும் மட்டும் பார்.

பலகை வேலையை இந்த வாரமே தொடங்கு. இடப்பக்கம் சுற்றும்போது பின்னங்கால் ஒட்டி வருகிறதா, விலகிப் போகிறதா என்று அடுத்த கடிதத்தில் எழுது. அதைப் பார்த்துத்தான் மேற்கொண்டு சொல்ல முடியும். வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பாளையங்கோட்டைக் கூட்டாளி