மருமகன் கேட்ட விளையாட்டுப் பெட்டி

கியோத்தோ,
2025 நவம்பர்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். பாம்பனில் வாடைக்காற்று தொடங்கியிருக்கும்; புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றும் நாட்களில் மச்சான் வீட்டில்தான் இருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன். மருமகன் கேட்கும் வீடியோ விளையாட்டுப் பெட்டியைப் பற்றிப் போன வாரம் தொலைபேசியில் நீ கேட்டபோது, தொழிற்சாலை வாசலில் நின்று பேசியதால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் இருக்கும் இந்தக் கியோத்தோதான் அந்தப் பெட்டியைச் செய்யும் நின்டெண்டோவின் சொந்த ஊர். 1889இல் பூப்படம் போட்ட சீட்டுக்கட்டு செய்யத் தொடங்கிய நிறுவனம் அது. பக்கத்து ஊரான ஊஜியில், ஒரு காலத்தில் சீட்டுக்கட்டு தயாரித்த அவர்களுடைய பழைய தொழிற்சாலையையே 2024 அக்டோபரில் அருங்காட்சியகமாகத் திறந்திருக்கிறார்கள். குலுக்கலில் பெயர் விழுந்தவர்களுக்கே முதலில் நுழைவுச்சீட்டு கிடைக்கும். எனக்கு இன்னும் விழவில்லை.

இங்கே இரயிலில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. இராமேஸ்வரம் இரயிலில் முறுக்கும் பேச்சுமாகப் பயணம் செய்து பழகிய எனக்கு முதல் மாதம் அந்த அமைதி இழவு வீட்டை நினைவுபடுத்தியது. பிறகு கவனித்தால், பாதிப் பேர் கையில் வைத்திருப்பதைத் தட்டி விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். குன்பெய் யோகோய் என்ற நின்டெண்டோ பொறியாளர் இப்படித்தான் ஒரு முறை, அதிவேக இரயிலில் ஒருவர் பொழுது போகாமல் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து, சட்டைப்பையில் அடங்கும் விளையாட்டுக் கருவியை யோசித்தாராம். அது 1980இல் வெளிவந்தது. 1989இல் வந்த கேம் பாய் என்ற கையடக்க விளையாட்டுப் பெட்டியும் அவருடைய குழுவின் வேலைதான்.

அந்தக் கேம் பாயில் ஒன்றைப் பழைய பொருள் விற்கும் கடையில் வாங்கினேன். எடுத்து வந்து மூடியைத் திறந்தால் பேட்டரி கசிந்து தகடெல்லாம் பச்சை பூத்திருந்தது. வினிகரில் நனைத்த பஞ்சால் துடைத்து, மெல்லிய உப்புத்தாளால் தேய்த்த பிறகு உயிர் வந்தது. நான்கு நிழல் மட்டுமே காட்டும் பச்சைத் திரை. பின்னால் விளக்கும் கிடையாது. இதே காலத்தில் கேம் கியர் என்ற போட்டிப் பெட்டி வண்ணத் திரையோடு வந்தது. ஆனால் ஆறு பேட்டரியையும் சில மணி நேரத்தில் குடித்துவிடும். கேம் பாயோ நான்கு பேட்டரியில் நாள்கணக்காக ஓடியது. பழகிப்போன மலிவான பாகத்தைப் புது வழியில் பயன்படுத்த வேண்டும் என்பது யோகோயின் கொள்கை. அப்பா புது இயந்திரம் வேண்டாம், நடுக்கடலில் தானே கழற்றிப் பூட்டக்கூடிய பழையதே போதும் என்று சொல்வாரே, அந்தக் கணக்குதான்.

அதில், விழும் கட்டைகளை அடுக்கி வரிசை வரிசையாக அழிக்கும் டெட்ரிஸ் விளையாட்டைப் போட்டவுடன் தங்கச்சிமடம் நினைவுதான் வந்தது. சந்தியாகப்பர் திருவிழாக் கடையில் நமக்கு அப்பா வாங்கித் தந்த, 9999 விளையாட்டு உண்டு என்று பெட்டியிலேயே பொய் சொன்ன அந்தக் கட்டை விளையாட்டு இதன் நகல்தான், அக்கா. நீண்ட கட்டைக்காக ஓரத்தில் ஒரு பள்ளம் விட்டுக் காத்திருப்பாயே, அதையே இங்குள்ளவர்களும் செய்கிறார்கள். எனக்கு மட்டும் இன்றுவரை அந்தப் பொறுமை வரவில்லை.

இனி மருமகன் கேட்டது. இந்த ஜூனில் வந்த நின்டெண்டோவின் புதுப் பெட்டியான ஸ்விட்ச் 2 இங்கே இரண்டு விலையில் கிடைக்கிறது. 49,980 யென்னுக்கு விற்பதில் ஜப்பானிய மொழி மட்டுமே வரும். பல மொழி உள்ளது 69,980 யென். மலிவாக இருக்கிறதே என்று முதலாவதை அனுப்பினால் அவன் திரையில் ஒரு சொல்லும் படிக்க மாட்டான். இரண்டாவதற்கு என் கையிருப்பு போதாது. ஆகவே 2019இல் வந்த ஸ்விட்ச் லைட் என்ற சிறிய பெட்டியைப் பழையதாக வாங்கியிருக்கிறேன். ஐந்தரை அங்குலத் திரை. தொலைக்காட்சியில் இணைக்க முடியாது. அது குறை என்பார்கள். நீ தொடர் பார்க்கும் நேரத்தில் சண்டை வராது என்பதால் நான் அதை நிறை என்றே எழுதுகிறேன்.

அதற்கு அனிமல் கிராசிங் என்ற விளையாட்டையும் வைத்திருக்கிறேன். 2020 மார்ச்சில் வந்தது. வெட்டும் சுடும் வேலை எதுவும் இல்லை. ஒரு தீவில் குடியேறி, வீட்டுக் கடனை அடைத்துக்கொண்டு, தூண்டில் போட்டுப் பிழைக்க வேண்டும். நீருக்குள் நிழல் தெரியும். அதன் முன்னால் தக்கையை இறக்கினால் மீன் கொத்திக் கொத்திப் பார்க்கும். தக்கை முழுதும் அமுங்கும்போது பொத்தானை அழுத்த வேண்டும். முதல் கொத்துக்கே இழுத்துவிடும் அவசரக்காரனுக்கு மீன் கிடைக்காது. இன்ன மாதம், இன்ன நேரம், இன்ன மீன் என்று வகுத்திருப்பதும், ஒன்றை மழை நாளில் மட்டும் வரவிட்டிருப்பதும் கடலை அறிந்தவர் செய்த வேலை போலவே இருக்கிறது. ஆனால் காற்று மாறுவதோ, வலை கிழிவதோ, தடைக்காலமோ கிடையாது. கொடுவாயைப் போன்ற ஒரு மீன் அங்கே அலுக்க அலுக்க மாட்டுகிறது. கடைக்காரர் என்றைக்குக் கொண்டுபோனாலும் அதற்கு அதே 400 காசு கொடுக்கிறார். ஏலத்தில் வியாபாரி சொன்ன விலைக்குத் தலையாட்டிவிட்டு வரும் மச்சானிடம் இதைச் சொல், சிரிப்பார். கடனுக்கும் வட்டி இல்லை, கெடுவும் இல்லை. விளையாட்டிலேயே நான் நம்ப மறுத்த இடம் அதுதான்.

பொட்டலம் நண்பர் ஒருவர் கையில் டிசம்பரில் வரும். சார்ஜர் நம் மின்சாரத்துக்கும் பொருந்தும். முனை மட்டும் தட்டையாக இருக்கும், அதற்கு ஒரு அடாப்டரைக் கடையில் வாங்கிக்கொள். கடற்கரைக்கு எடுத்துப்போக விடாதே. பொத்தான் இடுக்கில் மணல் புகுந்தால் அங்கே பழுது பார்க்க ஆள் இல்லை. மாவும் அப்படித்தான் புகும், அரிசி மாவு டப்பாவில் போட்டு வைக்கவும் வேண்டாம். கீழே துணியில் சுற்றியிருப்பது கேம் பாய், அது உனக்கு. பேட்டரி நான்கும் தனியாக வைத்திருக்கிறேன். நீ எத்தனை வரிசை அழித்தாய் என்று அடுத்த முறை பேசும்போது சொல்.

அன்புடன்,
தம்பி