பூட்டிக் கிடக்கும் மாளிகை: முதலில் கூரையைப் பார்ப்போம்

வணக்கம். இந்தப் பழைய மாளிகையை நூலகமாக்குவதா, கலைக்கூடமாக்குவதா என்று மூன்று நாளாகக் குழுவில் விவாதம் ஓடுகிறது. சரி, ஓடட்டும். அதுவரை கட்டடம் நிற்க வேண்டுமே!

ஆளில்லாத வீட்டைத் தின்பது தண்ணீர்தான். நேற்று உள்ளே போனபோது மாடிப்படிக்கு மேலே சுவரில் ஈரம். விரல் பட்டாலே காரை மாவாக உதிர்கிறது. மேலே போய்ப் பார்த்தால் மழைநீர்க் குழாயின் வாயை ஒரு செடி அடைத்திருக்கிறது. யாரும் பிடுங்கிவிடாதீர்கள், வேரோடு செங்கல்லும் வந்துவிடும். இப்போதைக்குத் தண்டை மட்டும் வெட்டுவோம்.

சிமெண்ட் பூசித் தர முன்வந்தவருக்கு நன்றி, ஆனால் வேண்டாம். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் அதை உள்ளேயே அடைத்துப் பழைய செங்கல்லை அரித்துவிடும்.

அப்புறம், கூடத்தைத் தடுத்து அறைகளாக்கும் யோசனை. எனக்கு உடன்பாடில்லை. பழைய கட்டடத்தைச் சமூகப் பயனுக்கு விடலாம், அமைப்பையும் அலங்காரத்தையும் மாற்றக் கூடாது என்றுதான் நினைவுச்சின்னங்களைப் பாதுகாப்பதற்கான சர்வதேச நெறிமுறையான 1964 வெனிஸ் சாசனமும் சொல்கிறது. கழற்றி எடுக்கக்கூடிய மரத்தடுப்பு என்றால் பேசலாம்.

ஞாயிறு காலை 7 மணிக்கு ஜன்னல்களைத் திறந்து காற்றோட்டம் விடுகிறோம். ஏணி இருப்பவர்கள் கொண்டுவாருங்கள். எதையும் தொடுமுன் ஒரு படம் எடுத்துக் குழுவில் போடுங்கள்.